சந்திப்பு எப்போது மையமாகிறது? விழுப்புரம், திண்டிவனம் வழியே பொருளாதாரப் புவியியலுக்கு ஓர் அறிமுகம்

1. கேள்வி

விழுப்புரம் ரயில் சந்திப்பிலிருந்து ஐந்து திசைகளில் தண்டவாளங்கள் பிரிகின்றன. வடக்கே செங்கல்பட்டு வழியாகச் சென்னை, தெற்கே விருத்தாசலம் வழியாகத் திருச்சி, தென்கிழக்கே கடலூர் வழியாக மயிலாடுதுறை, கிழக்கே புதுச்சேரி, வடமேற்கே திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி. ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வடக்கே உள்ள திண்டிவனத்தில், சென்னையிலிருந்து வரும் நெடுஞ்சாலை திருச்சிக்கும் புதுச்சேரிக்குமாகப் பிரிகிறது. செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரிக்குச் செல்லும் சாலையும் அங்கிருந்தே புறப்படுகிறது. தென் மாவட்டங்களுக்கும் சென்னைக்கும் இடையிலான தரைவழிப் போக்குவரத்தில் பெரும்பகுதி இந்த இரண்டு ஊர்களையும் தொட்டே செல்கிறது.

போக்குவரத்து வசதி உள்ள இடத்தில் தொழில் வளரும் என்று பொருளாதாரப் புவியியலில் முதலாண்டு மாணவர் படிக்கிறார். இந்த வட்டாரத்தின் புள்ளிவிவரம் அதற்கு ஒத்துவரவில்லை. 2011 கணக்கெடுப்பில், கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முந்தைய விழுப்புரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 34.58 லட்சம். அதில் நகரங்களில் வாழ்ந்தவர்கள் சுமார் 15 விழுக்காடு. மாநிலச் சராசரியோ 48 விழுக்காடு. விழுப்புரம் நகரில் சுமார் 96,000 பேர், திண்டிவனத்தில் சுமார் 73,000 பேர். தனிநபர் வருமான வரிசையில் மாவட்டம் நெடுங்காலமாகக் கடைசிப் படிகளிலேயே இருந்துவருகிறது.

இத்தனை வழிகள் கூடும் இடம் ஏன் தொழில் மையமாகவில்லை? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பொருளாதாரப் புவியியலின் முதன்மைக் கோட்பாடுகளை உரசிப் பார்ப்பது கட்டுரையின் நோக்கம். கோட்பாடுகளை வரிசையாக மனப்பாடம் செய்வதைவிட, தெரிந்த ஊர் ஒன்றின் மீது அவற்றைப் பொருத்திப் பார்த்தால் ஒவ்வொன்றின் வலிமையும் வரம்பும் தெளிவாகும்.

2. வழக்கமான மூன்று விளக்கங்கள்

முதல் விளக்கம் இயற்கையைக் காரணமாகச் சொல்கிறது. ஏரியையும் கிணற்றையும் நம்பிய நிலம், காவிரிப் படுகையைப் போல நிலையான ஆற்றுப் பாசனம் இல்லை, ஆகவே உபரி சேரவில்லை என்பது இதன் சாரம். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கும் கோயம்புத்தூருக்கு விழுப்புரத்தைவிடக் குறைவாகவே மழை கிடைக்கிறது. அங்கே ஆலைகள் எழுந்தன. மண்ணும் மழையும் வரம்பு கட்டலாம், தீர்ப்பு எழுதுவதில்லை.

இரண்டாம் விளக்கம் சென்னையின் நிழல். பெருநகரம் தன் சுற்றுவட்டாரத்திலிருந்து மூலதனத்தையும் திறமையையும் உறிஞ்சிக்கொள்ளும் என்று குன்னர் மிர்டால் 1957இல் வாதிட்டார். வளர்ச்சி வெளியே பரவுவதும் உண்டு, உள்ளே இழுக்கப்படுவதும் உண்டு. எது மிஞ்சுகிறது என்பதே கேள்வி என்றார். மறைமலைநகர், மகேந்திரா சிட்டி, ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை ஆகியவற்றை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் பரவல் செங்கல்பட்டு வட்டாரத்தோடு தளர்ந்துபோவது தெரியும். இருந்தாலும் இராணிப்பேட்டையும் சென்னையிலிருந்து ஏறத்தாழ திண்டிவனத்தின் தொலைவில்தான் இருக்கிறது. ஆம்பூர் அதைவிடத் தொலைவு. அங்கெல்லாம் தோல் தொழில் வேரூன்றியது. ஆகவே தொலைவு மட்டும் காரணமாக முடியாது.

மூன்றாம் விளக்கம் சமூக வரலாறு. கிறிஸ்டோபர் பேக்கர் 1984இல் வெளியிட்ட தமிழகக் கிராமப் பொருளாதார வரலாறு, சமவெளி, ஆற்றுப் படுகை, கொங்கு நாடு ஆகியவற்றைத் தனித்தனி வட்டாரங்களாகப் பிரித்து ஆராய்கிறது. திருப்பூரைப் பற்றி 2004இல் எழுதிய சரத் சாரி, உழவர் குடும்பங்கள் பனியன் கம்பெனி முதலாளிகளாக மாறிய வழியைக் காட்டினார். விழுப்புரம் அடங்கியிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் அத்தகைய மாற்றம் பெரிய அளவில் நிகழவில்லை. மூன்றில் இதுவே வலுவானது. ஆனால் உழவரின் உபரி இங்கே தங்காமல் எந்த வழியாக எங்கே போனது என்பதை இது சொல்வதில்லை. அதற்கு வழிகளையே ஆராய வேண்டும்.

3. கடக்கும் இடமும் நிற்கும் இடமும்

அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் கூலி 1894இல் போக்குவரத்தைப் பற்றி எழுதிய ஆய்வில் ஒரு கருத்தை முன்வைத்தார். வழிகள் கூடுவதால் மட்டும் நகரம் பிறப்பதில்லை; பயணம் முறிகிற இடத்தில், அதாவது கப்பலிலிருந்து வண்டிக்கும் வண்டியிலிருந்து கிடங்குக்கும் சரக்கு மாறுகிற இடத்தில் பிறக்கிறது. எட்கர் ஹூவர் 1948இல் இதை ஆலைகளுக்கு விரித்தார். சரக்கை எப்படியும் ஒருமுறை இறக்கி ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த இடத்திலேயே அதைப் பதப்படுத்துவது சிக்கனம்.

தென்னார்க்காட்டின் மல்லாட்டை (நிலக்கடலை) வரலாறு இதற்கு நல்ல சான்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த மாவட்டம் நிலக்கடலை ஏற்றுமதியில் முன்னணிக்கு வந்தது. பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய், சோப்பு ஆலைகளே முக்கியக் கொள்முதலாளிகள். சரக்கு பாண்டிச்சேரி, கடலூர் துறைமுகங்கள் வழியாகச் சென்றது. விழுப்புரம்–பாண்டிச்சேரி ரயில் பாதை 1879இல் திறக்கப்பட்டது. மல்லாட்டை விளைந்தது உள்நாட்டில், கப்பலேறியது பாண்டிச்சேரியில், எண்ணெயானது மார்செயில். இடையில் இருந்த விழுப்புரம் வழி கொடுத்தது.

விழுப்புரத்தில் சரக்கு ஏன் நிற்கவில்லை? அங்கே கூடிய பாதைகள் அனைத்தும் மீட்டர் கேஜ். ஒரே அகலப் பாதையில் வேகனை ஒரு வண்டியிலிருந்து கழற்றி இன்னொன்றில் கோத்துவிட்டால் போதும். மூட்டையை இறக்க வேண்டியதில்லை. சந்திப்பில் ரயில்வே வேலை வந்தது, குடியிருப்பு வந்தது, உணவு விடுதிகள் வந்தன. கிடங்குக்கும் ஆலைக்குமான தேவை அந்த அளவுக்கு வரவில்லை. பாண்டிச்சேரியிலோ கடல் குறுக்கிட்டது. அங்கே ஏற்றுமதி நிறுவனங்களும் வங்கியும் வந்தன. 19ஆம் நூற்றாண்டிலேயே நூற்பாலைகளும் வந்தன. ஆங்கிலோ–பிரெஞ்சு ஆலை 1898இல் தொடங்கப்பட்டது.

கொங்கு நாட்டோடு ஒப்பிடும்போது மின்சாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பைக்காரா நீர்மின் திட்டம் 1930களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கியபோது அதன் மின்சாரம் அருகிலுள்ள வட்டாரங்களுக்கே முதலில் பயன்பட்டது. கோயம்புத்தூர் ஆலைகள் பெருகின. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் நெய்வேலி அனல்மின் நிலையம் 1962இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதற்குள் மின்தொகுப்பு விரிந்துவிட்டிருந்தது. நெய்வேலி மின்சாரம் எந்த ஊருக்கும் போகும் என்பதால், அருகில் இருப்பவருக்குத் தனிச் சலுகை இல்லாமல் போயிற்று. கால வரிசை மாறினால் ஒரே வகை வளம் வேறு விளைவைத் தரும் என்பதற்கு இந்த ஒப்பீடு இடமளிக்கிறது.

4. ஒரு முக்கோணம்

வால்டர் கிறிஸ்டாலர் 1933இல் தெற்கு ஜெர்மனியை ஆராய்ந்து மைய இடக் கோட்பாட்டை வகுத்தார். சமவெளியில், ஒரே அளவு வாங்கும் சக்தியுள்ள மக்கள் பரவியிருந்தால், சந்தை ஊர்கள் சம தொலைவில் அமையும் என்றார் அவர். விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரி மூன்றையும் வரைபடத்தில் கோடிட்டு இணைத்தால், ஒவ்வொரு பக்கமும் நேர்கோட்டில் 36 முதல் 39 கிலோமீட்டருக்குள் வருகிறது. ஏறத்தாழ சமபக்க முக்கோணம். கிறிஸ்டாலருக்கு இதைவிட ஒத்துழைக்கும் நிலப்பரப்பு கிடைப்பது அரிது.

ஆனால் முனைகள் சமமாக வளரவில்லை. 2011இல் புதுச்சேரி நகர்த்திரளில் சுமார் ஆறரை லட்சம் பேர்; மற்ற இரண்டு ஊர்களையும் கூட்டினாலும் ஒன்றேமுக்கால் லட்சத்தைத் தாண்டவில்லை. கோட்பாட்டின் அனுமானத்தில் அரசியல் எல்லை இல்லை. இந்த முக்கோணத்தில் இருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியின் தலைநகராகவும், பிறகு ஒன்றியப் பிரதேசத் தலைநகராகவும் இருந்ததால் தலைமைச் செயலகம், பல்கலைக்கழகம், ஜிப்மர் மருத்துவமனை எல்லாம் அந்த ஒரு முனையில் குவிந்தன. விழுப்புரம் மாவட்டத் தலைநகரானது 1993இல். முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2010ஐ ஒட்டி. அதற்குப் பிறகும் கடுமையான நோய் என்றால் வானூர், மயிலம், திண்டிவனம் பக்கத்து மக்கள் ஜிப்மருக்குப் போவது தொடர்கிறது. நோயாளி எல்லையைப் பார்ப்பதில்லை. மருத்துவமனைக்கு நிதி ஒதுக்குகிறவர்கள் பார்க்கிறார்கள்.

உலக வங்கியின் 2009ஆம் ஆண்டு உலக வளர்ச்சி அறிக்கை பொருளாதாரப் புவியியலை அடர்த்தி, தொலைவு, பிரிவினை என்ற மூன்று சொற்களில் சுருக்கியது. பிரிவினை என்று அது குறித்தது எல்லைத் தடைகளை. எல்லை மெலிந்தால் வளர்ச்சி பரவும் என்பது அதன் எதிர்பார்ப்பு. இங்கே எல்லை தடையாக மட்டும் வேலை செய்யவில்லை. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வரும்வரை இரு பக்கமும் விற்பனை வரி வேறு வேறாக இருந்தது. சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகள் புதுச்சேரிப் பக்கம் எழுந்தன. வேலைக்கு ஆட்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்தும் சென்றார்கள். வரி வேறுபாடு ஒரு பக்கத்துக்கு ஆலையையும் மறுபக்கத்துக்குத் தினசரிப் பயணத்தையும் கொடுத்தது.

அண்மைய எடுத்துக்காட்டு ஒன்று. விழுப்புரம் மாவட்டத்துக்கான மினி டைடல் பூங்கா 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அது அமைந்திருப்பது விழுப்புரம் நகரில் அல்ல. வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில், புதுச்சேரியை ஒட்டி. கணினி நிறுவனம் தேடுவது படித்த இளைஞர், வாடகை வீடு, பள்ளிக்கூடம், மாலைநேர நகரம். அவை இருக்கும் திசைக்கே கட்டடமும் சென்றது. ஏற்கெனவே திரண்ட இடத்திலேயே மேலும் திரளும் என்று பால் க்ருக்மன் 1991இல் மாதிரி கட்டிக் காட்டியதை இந்தத் தேர்வும் உறுதி செய்கிறது.

5. கரும்பும் தர்பூசணியும் மூட்டையும்

இங்கே தொழிலே இல்லை என்று சொல்லிவிட முடியாது. முண்டியம்பாக்கத்திலும் பெரியசெவலையிலும் சர்க்கரை ஆலைகள் உண்டு. ஆல்ஃப்ரெட் வெபரின் 1909ஆம் ஆண்டுத் தொழிலிடக் கோட்பாடு இவற்றைச் சுலபமாக விளக்கிவிடும். நூறு கிலோ கரும்பிலிருந்து கிடைப்பது ஏறத்தாழ பத்து கிலோ சர்க்கரை. எடை இழக்கும் மூலப்பொருளைத் தொலைவுக்குச் சுமப்பது வீண் செலவு. வெட்டிய கரும்பு காயக் காய இனிப்பும் குறையும். ஆகவே ஆலை வயலைத் தேடி வருகிறது. ஆனால் வெபரின் உழவர் எந்த ஆலைக்கும் விற்கலாம். 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஒவ்வொரு ஆலைக்கும் பகுதி ஒதுக்கப்படுகிறது. பதிவு செய்த உழவர், ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வரும்வரை கரும்பை வயலில் வைத்துக் காத்திருக்கிறார். உத்தரவு தள்ளிப்போனால் எடை குறைவது அவர் கணக்கில் விழுகிறது. போக்குவரத்துச் செலவைக் கணக்கிடும் கோட்பாட்டில் காத்திருப்பின் செலவுக்குப் பத்தி இல்லை.

சந்தை நகரைச் சுற்றிப் பயிர்கள் தொலைவுக்கேற்ப அமையும் என்று யோகான் ஃபான் தூனன் 1826இல் வரைந்த வளையங்களைத் திண்டிவனம், மரக்காணம் பக்கம் தர்பூசணியில் காணலாம். கனமான, அழுகக்கூடிய, மலிவான சரக்கு; மூன்று மணி நேர லாரிப் பயணத்தில் சென்னை. கோடை தொடங்கும் முன்பே வயலுக்கு வந்து டன் கணக்கில் விலை பேசுகிறார்கள் வியாபாரிகள். சாலை மேம்பட மேம்பட வளையம் விரிகிறது. இன்னும் தொலைவிலிருந்தும் பழம் வந்து சேர்கிறது. திண்டிவனத்தின் அருகாமைக்கு இருந்த விலை குறைகிறது. நல்ல சாலை அருகில் இருப்பவரின் சலுகையைக் கரைக்கவும் செய்யும் என்பதை மாணவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை இங்கே யாரும் முழுப் பெயரில் சொல்வதில்லை; ‘கமிட்டி’ என்றால் போதும். 1933ஆம் ஆண்டுச் சென்னை வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டத்தின் வழி வந்த அமைப்பு இது. அறுவடைக் காலத்தில் மூட்டைகள் லாட் லாட்டாக அடுக்கப்படும். வியாபாரி மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி மல்லாட்டை அள்ளுவார். தோலை உடைத்துப் பருப்பின் பருமனைப் பார்ப்பார். ஒன்றைக் கடித்து ஈரத்தைக் கணிப்பார். பிறகு தன் விலையை எழுதிக் கொடுப்பார். யார் எவ்வளவு எழுதினார் என்பது மற்றவருக்குத் தெரியாது என்பதால் இதற்கு மறைமுக ஏலம் என்று பெயர். எடை மோசடியையும் தரகரின் பிடியையும் இந்த முறை குறைத்தது. ஆனால் ஏலம் முடிந்ததும் மூட்டை லாரியேறுகிறது. விலை இங்கே முடிவாகிறது. மதிப்புக் கூடுவது பெரும்பாலும் வேறு ஊரில்.

அறிவு உற்பத்தியும் அப்படித்தான். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய டி.எம்.வி. நிலக்கடலை, எள் ரகங்கள் மாநில எல்லை கடந்து பரவின. விதையின் ஆராய்ச்சி இங்கே நடந்தும் எண்ணெய்த் தொழிலின் பெரும் மையம் இங்கே அமையவில்லை.

6. பயணம் போகும் உழைப்பு

விழுப்புரத்துக்குத் தெற்கே, திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் இருவேல்பட்டு, தமிழகப் பொருளாதார ஆய்வில் புகழ்பெற்ற கிராமம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலின் முதல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களைக் கொண்டு கிராமங்களை ஆராயச் செய்தார்; முடிவுகள் 1918இல் நூலாயின. அவற்றில் ஒன்று இருவேல்பட்டு. 1930களிலும் 1961இலும் மீண்டும் ஆராயப்பட்டது. 1981இல் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும், 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோரும் அங்கே சென்றார்கள். ஒரே கிராமத்தின் மாற்றத்தை ஒரு நூற்றாண்டு நெடுகிலும் பின்தொடர முடிவது அரிய வாய்ப்பு.

2008 ஆய்வு காட்டும் முக்கிய மாற்றம், விவசாயத்துக்கு வெளியேயான வேலை பெருகியதும், பெருநிலக்காரர் மீது தலித் உழைப்பாளர் சார்ந்திருந்த நிலை தளர்ந்ததும். அந்த வேலைகள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருந்தன. சாலையும் பேருந்தும் ஆலையைக் கொண்டுவரவில்லை; கூலி பேசும் வலிமையைக் கொண்டுவந்தன. வளர்ச்சியைத் தொழிற்கூடங்களின் எண்ணிக்கையால் மட்டும் அளக்கிறவருக்கு இது கண்ணில் படாது.

ஆனால் எல்லாப் பயணமும் விடுதலை அல்ல. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு இணைந்து பணியாற்றிய இசபெல் கெரான், ஜி. வெங்கடசுப்பிரமணியன் போன்றோர், இந்த வட்டாரத்துக் குடும்பங்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைகளுக்கும் கரும்பு வெட்டுக்கும் போவதை ஆராய்ந்திருக்கிறார்கள். மழைக்காலப் பசிக்கு வாங்கிய முன்பணம் அடுத்த பருவத்தின் உழைப்பைக் கட்டிப்போடுகிறது. சென்னையின் கட்டடங்களுக்கான செங்கல் இந்தக் கைகளில் உருவாகிறது. டோரீன் மாஸ்ஸி 1984இல் வலியுறுத்தியதை இங்கே நினைக்கலாம்: பின்தங்கிய வட்டாரம் பொருளாதாரத்துக்கு வெளியே இல்லை, அதன் உள்ளே, குறிப்பிட்ட ஒரு வேலைக்கென வைக்கப்பட்டிருக்கிறது.

7. வழியை நிறுத்தும் அதிகாரம்

சரக்கு தானாக நிற்காத இடத்தில், நிறுத்துவது ஓர் அரசியல் கருவியாகிறது. 1987 செப்டம்பரில் வன்னியர் சங்கம் இட ஒதுக்கீடு கேட்டு நடத்திய ஒரு வாரச் சாலை மறியல், வட தமிழகத்தின் நெடுஞ்சாலைகளை முடக்கியது. 21 பேர் உயிரிழந்தனர். 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. இதைச் சாதி அரசியலாக மட்டும் படிப்பது வழக்கம். புவியியல் பார்வையில் இன்னொரு பொருளும் உண்டு. சென்னையின் தென்வாசல் இந்த வட்டாரத்தில் இருந்ததால்தான் மறியலுக்கு அத்தனை வலிமை. தனியார் ஆலைகள் குறைவான இடத்தில் அரசு வேலையும் கல்லூரி இடமுமே மேலேறும் வழியாக இருந்ததால்தான் கோரிக்கை அந்த வடிவம் எடுத்தது.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ஒரு பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தொட்டதும் தென் மாவட்ட ரயில்கள் நிறுத்தப்பட்டன. அப்போது மாநிலமே இந்த ஊர்களின் பெயரைக் கேட்டது. ஓட்டம் தடைபட்டால்தான் கடக்கும் இடம் வரைபடத்தில் தெரிகிறது.

8. மதிப்பீடு

மேற்கண்ட வாதத்துக்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஈரோடும் சந்திப்பு நிலையம்தான். அது வணிக நகரமாக வளர்ந்ததே என்று கேட்கலாம். ஈரோட்டில் சந்திப்போடு மஞ்சள் கிடங்கும் ஜவுளிச் சந்தையும் உள்ளூர் முதலும் சேர்ந்தன. சரக்கை நிறுத்தும் காரணங்கள் அங்கே இருந்தன. ஆகவே இந்த மறுப்பு வாதத்தை முறிக்காமல் கூர்மையாக்குகிறது. சந்திப்பு ஒரு வாய்ப்பு. இறக்கிவைக்க, சேமிக்க, பதப்படுத்த, கடன் கொடுக்க உள்ளூரில் ஆளும் பணமும் இருந்தால் அது மையமாகும். சமூக வரலாற்று விளக்கமும் போக்குவரத்து விளக்கமும் இங்கே ஒன்றையொன்று நிரப்புகின்றன.

திண்டிவனம் அருகே சிப்காட் தொழிற்பூங்காவும் உணவுப் பூங்காவும் வந்திருக்கின்றன. திண்டிவனத்தைச் செஞ்சி வழியாகத் திருவண்ணாமலையோடும், வந்தவாசி, ஆற்காடு வழியாக நகரியோடும் இணைக்க 2006–07இல் ஒப்புதல் பெற்ற ரயில் பாதைகள் இன்னும் முடிவடையவில்லை. இவற்றை எத்தனை கோடி முதலீடு, எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் மதிப்பிடக்கூடாது. உள்ளூர் மல்லாட்டையும் உளுந்தும் அந்தப் பூங்காவுக்குள் போகின்றனவா, அல்லது வெளிச்சரக்கு வந்து வெளியே போகிறதா? வேலை ஒப்பந்தக் கூலியா, நிரந்தரமா? லாபம் எந்த ஊர் வங்கியில் சேர்கிறது? இந்த மூன்று கேள்விகளுக்கும் கிடைக்கும் விடைதான் புதிய பாதை மையத்தை உருவாக்குமா, இன்னொரு கடவையை உருவாக்குமா என்பதைச் சொல்லும்.

விடை தேடுவதற்குப் பெரிய நிதியும் தேவையில்லை. ஸ்லேட்டரின் மாணவர்கள் செய்ததை விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள அரசு கலைக் கல்லூரி மாணவர்களும் செய்யலாம். ஒரு பருவம் முழுவதும் கமிட்டியில் ஏலம் போன லாட்களில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, மூட்டை எந்த லாரியில் எந்த ஊர் ஆலைக்குப் போனது, ஒவ்வொரு கையிலும் விலை எவ்வளவு கூடியது என்று கேட்டு எழுதினால் போதும். இந்த வட்டாரத்தின் வருமானம் எங்கே தங்குகிறது என்பதற்கு, மாவட்டச் சராசரிகள் தராத விடையை அந்தப் பட்டியல் தரும்.